"எவருமில்லை" என்பதும் "தெரியாது" என்பதும்
தோல்வியுறும் அழைப்புகளைக் கணினி தானாகக் கையாளும் முறை பற்றிய ஒரு நோக்கு

1. நுரைச்சோலையில் நின்ற எந்திரம்

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரமின்றி நின்றது. பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கொன்று மின்கருவியொன்றைத் தொட்டமையே அதற்குத் தொடக்கமென மின்சக்தி அமைச்சர் அன்று தெரிவித்தார். அக்கூற்று பலருக்கும் நகைப்புக்கு இடமாயிற்று. ஆயின் நாம் ஈண்டு நோக்க விரும்புவது குரங்கை அன்று. புத்தளம் மாவட்டக் கரையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் அவ்வேளை நிகழ்ந்ததையே நோக்க விரும்புகிறோம்.

அந்நிலையம் 300 மெகாவாற் வலுக்கொண்ட மூன்று அலகுகளை உடையது. முதலாவது அலகு 2011 இலும் மற்றையவை 2014 இலும் பாவனைக்கு வந்தன. அன்று பாணந்துறையில் எழுந்த குழப்பம் மின்வலையமைப்பெங்கும் பரவியபொழுது, நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் எவரும் கட்டளையிடாமலே நின்றன. தமக்குரிய எல்லையை மீடிறனோ மின்னழுத்தமோ மீறியதும், தம்மை வலையமைப்பிலிருந்து துண்டித்துக்கொள்ளுமாறு அவை முன்னரே அமைக்கப்பட்டிருந்தன. மாலையளவில் நாட்டுக்கு மின்சாரம் மீண்டதாயினும், நிலக்கரிக் கொதிகலன்களை மீண்டும் முழு வலுவுக்குக் கொணர நாட்கள் தேவைப்பட்டன. ஆகவே 10 ஆம், 11 ஆம் திகதிகளில் ஒன்றரை மணி நேர மின்வெட்டைப் பொதுமக்கள் ஏற்க நேர்ந்தது. 2020 ஆம் ஆண்டு ஓகத்து 17 ஆம் திகதி கெரவலப்பிட்டியில் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த பிழையாலும் இத்தகையதொரு நிலை தோன்றியமை நினைவுகூரத்தக்கது.

தானே நின்றுவிட்ட எந்திரம் நல்லதா, தீயதா? நில்லாது ஓடியிருப்பின் சுழலியும் மின்பிறப்பாக்கியும் சிதைந்து, நாட்கணக்கிலான இழப்பு மாதக்கணக்கிலான இழப்பாக மாறியிருக்கலாம். நின்றமையால் நாடு இருண்டது. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே மனங்கொண்டே, இக்கட்டுரையின் பொருளுக்கு வருகிறோம். அலுவலகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் சங்கங்களிலும் இன்று சிறுசிறு கணினி நிரல்கள் எண்ணற்ற காரியங்களை ஆற்றுகின்றன. அவற்றுள் ஒரு செயல் தோல்வியுறும்பொழுது நிரல் யாது செய்தல் வேண்டும்? அதனைத் தீர்மானிப்பவர் யார்? கணினித் துறையினருக்கு மட்டும் உரிய நுணுக்கம்போலத் தோன்றும் இவ்வினா, உண்மையில் சமூகப் பொறுப்புப் பற்றிய வினாவாகும் என்பதே எமது கருத்து.

2. மௌனமாகத் தோற்கும் அழைப்பு

நிரலொன்று தன் வேலைகள் அனைத்தையும் தானே செய்வதில்லை. கோப்பைத் திற, அடைவை மாற்று, பழைய கோப்பை அழி என்றவாறு பிற சார்புகளை அது அழைக்கிறது. அழைக்கப்பட்ட சார்பு தன் காரியத்தை ஆற்றி ஒரு விடைப் பெறுமானத்தைத் திருப்பியனுப்பும். காரியம் கைகூடாவிடின், கைகூடவில்லை என்பதும் அவ்விடையிலேயே அடங்கியிருக்கும். 1970 களில் யூனிக்சு இயங்குதளமும் சி மொழியும் வகுத்த மரபு இது. தோல்வியெனின் விடை ஒரு குறிப்பிட்ட எண்ணாக வரும்; காரணம் வேறோர் இடத்தில் எழுதி வைக்கப்படும். அழைத்தவர் விரும்பினாற் பார்க்கலாம். விரும்பாவிடின் பாராமற் செல்லலாம்.

சிக்கல் இந்த "விரும்பாவிடின்" என்பதிலேயே உள்ளது. லாரி வோல் 1987 இல் வெளியிட்ட பேர்ள் முதலான ஸ்கிரிப்ட் மொழிகள், சிறு வேலைகளை விரைந்து முடிப்பதற்கென எழுந்தவை. அவற்றில் எழுதுவோர் பலர் தொழின்முறை நிரலாளர் அல்லர். கணக்கெழுதுவோர், ஆய்வு மாணவர், ஆசிரியர் முதலியோராவர். விடையைப் பார்க்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாதிருக்கலாம், தெரிந்தும் மறந்திருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். கற்பிட்டிக் கரையில் ஒரு மீனவர் சங்கம் இருப்பதாகக் கொள்வோம். காலையிற் புறப்படும் வள்ளங்களின் பதிவு ஒரு கோப்பிலும், கரை திரும்பியவற்றின் பதிவு மற்றொரு கோப்பிலும் எழுதப்படுகின்றன. மாலையில் ஒரு சிறு பேர்ள் நிரல் இவ்விரண்டையும் ஒப்பிட்டு, புறப்பட்டும் திரும்பாத வள்ளங்களைப் பட்டியலிடுகிறது. காற்று மாறும் நாட்களில் அப்பட்டியல் எத்துணை முக்கியமானது என்பதைக் கடற்கரையில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஒருநாள் புறப்பட்டோர் கோப்பின் பெயர் சற்றே மாறிவிடுகிறது. அன்றேல் அதனைத் திறக்கும் உரிமை அந்நிரலுக்கு இல்லாது போகிறது. திறக்கும் அழைப்புத் தோற்கிறது. ஆனால் நிரல் நிற்பதில்லை. திறவாத கோப்பிலிருந்து வரிகளை வாசிக்க முயல்கிறது. வரி எதுவும் வருவதில்லை. ஆதலாற் புறப்பட்டோர் பட்டியல் வெறுமையாகிறது. வெறும் பட்டியலிலிருந்து திரும்பியோரைக் கழித்தால் எஞ்சுவதும் வெறுமையே. எச்சரிக்கைகளைக் காட்டுமாறு கேட்டிருந்தாற்கூட ஒரு வரி எச்சரிக்கை எங்கோ பதிவாகுமேயன்றி நிரலின் ஓட்டம் தடைப்படாது. ஈற்றில் திரையில் தோன்றும் செய்தி: "கடலில் எவருமில்லை."

அந்நிரலில் எழுத்துப் பிழை இல்லை. கணிப்புப் பிழையும் இல்லை. கழித்தல் சரியாகவே நிகழ்ந்துள்ளது. ஆயினும் கூறப்பட்டது பொய். நிரல் கூறியிருக்க வேண்டியது "எவருமில்லை" என்பதன்று; "தெரியாது" என்பதே. வெறுமையும் அறியாமையும் ஒன்றல்ல. மௌனமாகத் தோற்கும் அழைப்பு இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அழித்துவிடுகிறது. அதனாலேயே அது உரத்து முறியும் நிரலைக் காட்டிலும் கேடு விளைப்பது.

இதே வகையில், அடைவை மாற்றும் அழைப்புத் தோற்றபின் "இங்குள்ள கோப்புகள் யாவற்றையும் அழி" என்னும் அடுத்த கட்டளை ஓடுமாயின், அழிய வேண்டியன இருக்க, காக்க வேண்டியன அழியும். தோல்வியின் விளைவு தோல்வி நிகழ்ந்த வரியிலே தோன்றாது, பிறிதோரிடத்திற் பிறிதோர் உருவில் தோன்றுவதே இவ்வகை வழுக்களின் இயல்பு.

3. "அல்லது இற"

பேர்ள் எழுதுவோரிடையே இதற்கொரு மரபு வளர்ந்தது. ஒவ்வோர் அழைப்பின் பின்னும் "ஓர் டை", அதாவது "அல்லது இற", என எழுதுதல் அம்மரபு. கோப்பைத் திற, இயலாதெனின் காரணத்தைக் கூறி நின்றுவிடு என்பது அதன் பொருள். சுருக்கமானது, வாய்விட்டு வாசிக்கவும் இயல்வது. எமது எடுத்துக்காட்டு நிரலில் இவ்விரு சொற்கள் இருந்திருப்பின், திரையில் "புறப்பட்டோர் கோப்பைத் திறக்க இயலவில்லை" என வந்திருக்கும். யாரேனும் எழுந்து கரைக்குச் சென்று வள்ளங்களை எண்ணியிருப்பர்.

ஆயின் இம்முறையின் குறைகள் மூன்று. முதலாவது, நூறு அழைப்புகளுள் தொண்ணூற்றொன்பதில் எழுதி ஒன்றில் மறந்தால், அந்த ஒன்றே போதும். இரண்டாவது, எங்கு மறக்கப்பட்டது என்பதைக் கண்ணாற் காண்டல் அரிது. எழுதப்பட்டது தெரியும், எழுதப்படாதது தெரியாது. மூன்றாவது குறை நுட்பமானது. சில அழைப்புகள் வெற்றி தோல்வியைக் கூறாது எண்ணிக்கையைக் கூறுகின்றன. பத்துக் கோப்புகளை அழிக்கச் சொல்லி ஒன்பது மட்டும் அழிந்தால், விடை "9" என வரும். ஒன்பது என்பது சுழியம் அன்று. ஆகவே "அல்லது இற" என்னும் காவல் அதனை வெற்றியெனக் கொண்டு வழிவிடும்.

மனித நினைவின்மேற் சுமத்தப்பட்ட பாதுகாப்பு, களைப்புற்ற மனிதனிடத்தே முறியும். தொழிற்சாலைகளின் வரலாறு இதனைப் பன்முறை காட்டியுள்ளது. வெட்டும் எந்திரத்தின் வாயிற் கையை வையாதே எனச் சுவரில் எழுதுவது ஒருமுறை. கை உள்ளேயிருக்கையில் எந்திரம் ஓடாதபடி தடுப்பு அமைப்பது மற்றொருமுறை. இரண்டாவதற்காகவே தொழிலாளர் போராடினர்.

4. தானியங்கிக் காவல்

பேர்ள் மொழியில் அத்தகைய தடுப்பாக முதலில் "பேற்றல்" என்னும் கூறும், பின்னர் அவுஸ்திரேலியரான போல் பென்விக் உருவாக்கிய "ஓட்டோடை" என்னும் கூறும் எழுந்தன. பின்னையது 2009 இல் வெளிவந்த 5.10.1 ஆம் பதிப்பு முதல் மொழியுடனேயே வழங்கப்படுகிறது. நிரலின் தலைப்பில் ஒரு வரி எழுதினால் போதும். கோப்பைத் திறத்தல், மூடுதல், அடைவை மாற்றுதல் முதலான அழைப்புகள் தோற்கும்பொழுது தாமே விலக்கு ஒன்றை எழுப்பும். அவ்விலக்கை எவரும் ஏற்றுக் கையாளாவிடின் நிரல் நிற்கும்.

இக்கருவியின் சிறப்பியல்புகள் சிலவற்றை எடுத்துரைத்தல் தகும்.

ஒன்று, அதன் எல்லை. பழைய "பேற்றல்" ஒரு நிரற்றொகுதி முழுவதையும் மாற்றியமைத்தது. "ஓட்டோடை" தான் எழுதப்பட்ட தொகுப்பினுள் மட்டும் செயற்படும். ஒருவர் தம் வீட்டில் இட்ட விதி அயலவர் வீட்டைக் கட்டுப்படுத்துவதில்லை. பிறர் எழுதிய கூறுகள் தமக்குரிய முறையிலே தொடர்ந்து இயங்கும்.

இரண்டு, அது தரும் செய்தி. எச்சார்பு தோற்றது, எவ்விவரங்களுடன் அழைக்கப்பட்டது, எக்கோப்பின் எத்தனையாம் வரியில், இயங்குதளம் கூறிய காரணம் யாது என்பனவெல்லாம் விலக்குடன் இணைந்து வரும். "ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது" என்னும் பயனற்ற அறிவிப்புக்கும் இதற்குமுள்ள தூரம் பெரிது.

மூன்று, எண்ணிக்கையைக் கணக்கிற்கொள்ளல். மேலே கூறிய பத்துக்கு ஒன்பது என்னும் நிலையையும் அதன் பிந்திய பதிப்புகள் தோல்வியாகக் கொள்கின்றன.

நான்கு, மூடுதலைக் கண்காணித்தல். கோப்பில் எழுதப்படுவது உடனே வன்தட்டுக்குச் செல்வதில்லை. இடைநினைவகத்தில் தங்கிப் பின்னரே செல்லும். வன்தட்டில் இடமில்லை என்பது பலவேளைகளிற் கோப்பை மூடும்பொழுதே வெளிப்படும். திறக்கும்பொழுது சரிபார்ப்போர் பலர். மூடும்பொழுது சரிபார்ப்போர் சிலர். தானியங்கிக் காவல் இரண்டையும் ஒரு நிகராகவே பார்க்கிறது.

எனினும் அதற்கும் எல்லைகள் உள. அச்சிடும் சார்பை அது காவல்செய்ய இயலாது. பிற நிரல்களை இயக்கும் "சிஸ்டம்" என்னும் அழைப்பை அது தானாகக் காவல்செய்வதில்லை; தனியே கேட்டுக்கொள்ளல் வேண்டும். 1991 இல் வெளிவந்த பைதன் மொழி தொடக்கமுதலே தோல்வியை விலக்காக எழுப்பும் வழக்கத்தை மேற்கொண்டது. ஆயினும் அங்கும் வேறொரு நிரலை இயக்கி அது தோற்றதா என அறிவதற்கு, சரிபார்க்குமாறு வெளிப்படையாகக் கேட்டல் வேண்டும். யூனிக்சு கட்டளை ஓட்டில் "செற் ஈ" என்னும் கட்டளை இதே நோக்கமுடையது. ஆனால் நிபந்தனைக் கூற்றினுள் தோற்கும் கட்டளையையும், குழாய்த்தொடரில் ஈற்றிலல்லாது இடையில் தோற்கும் கட்டளையையும் அது பொருட்படுத்துவதில்லை. காவலன் நிற்கிறான் என்னும் நம்பிக்கையில் உறங்குவோர், அவன் எவ்வாயிலில் நிற்கவில்லை என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

5. நின்றால் மட்டும் போதுமா?

இதுவரை கூறியவற்றிலிருந்து, தோற்றால் நிற்பதே எங்கும் சிறந்தது என்னும் முடிவுக்கு வருதல் தவறாகும். 1996 ஆம் ஆண்டு யூன் 4 ஆம் திகதி பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஏரியன் 5 ஏவுகலம், ஏறக்குறைய 40 செக்கன்களில் வானிற் சிதறியது. அதன் திசையறி கருவியின் நிரலில், 64 பிற்று எண்ணொன்றை 16 பிற்று எண்ணாக மாற்றும் செயல் தோற்றது. தோல்வி மறைக்கப்படவில்லை, விலக்கு முறைப்படி எழுந்தது. விலக்கு எழுந்தாற் கருவி நின்றுவிடவேண்டும் என வகுக்கப்பட்டிருந்தது, நின்றது. மாற்றுக்கென வைத்திருந்த இரண்டாவது கருவியும் அதே நிரலைக் கொண்டதாதலின் அதே காரணத்தால் முன்னரே நின்றுவிட்டிருந்தது. நின்ற கருவி அனுப்பிய சோதனைத் தரவை, முதன்மைக் கணினி பறப்புத் தரவெனக் கொண்டு கலத்தைத் திருப்பியது. தோல்வியுற்ற அக்கணிப்போ, புறப்பட்டபின் தேவையே அற்றது.

அங்கு பிழைத்தது நிறுத்தமன்று. நின்றபின் யாது நிகழும் என்பதை எவரும் சிந்தியாமையே பிழை. கருவி "தெரியாது" என்று கூறியது. கேட்ட பகுதியோ அதனை ஒரு விடையாக விளங்கிக்கொண்டது.

நுரைச்சோலைக்கு மீளுவோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, மின்தேவை குறைவு. கூரைகளின்மேல் அமைந்த சூரிய மின்தொகுதிகள் நண்பகலை நெருங்கும் வேளையிற் பெரும் பங்கை வழங்கிக்கொண்டிருந்தன. ஆகவே சுழலும் பாரிய எந்திரங்கள் சிலவே இணைந்திருந்தன. அவற்றின் சடத்துவமே மீடிறன் 50 ஹேர்ட்ஸிலிருந்து சடுதியாக விலகாமற் காப்பது. சடத்துவம் குறைந்த வலையமைப்பில் ஒரு சிறு தாக்கமும் பெரிதாகப் பரவும். மீடிறன் வீழும்பொழுது சில பிரதேசங்களைப் படிப்படியாகத் துண்டித்து எஞ்சியவற்றைக் காக்கும் தானியங்கி ஒழுங்கும் உண்டு. அது ஈடுசெய்யுமுன்னரே வலையமைப்பு வீழ்ந்தது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு காவலும் தன் கடமையைச் செய்தது. ஒருங்கே நோக்கின் நாடு இருண்டது.

இதிலிருந்து நிரலாளர் கற்கவேண்டியது யாதெனில், நிறுத்தம் அடுக்கடுக்காக அமைதல் வேண்டும் என்பதாகும். மீனவர் சங்கத்தின் நிரலில் ஒரு துறையின் பதிவு திறக்கப்படாவிடின், ஏனைய துறைகளின் கணக்கையும் கைவிட்டு முழு நிரலும் நிற்றல் வேண்டுமா? வேண்டியதில்லை. அத்துறைக்கு நேரே "தெரியாது" என எழுதி, ஏனையவற்றை முடித்து, ஈற்றில் "இக்கணக்கு முழுமையற்றது" எனத் தலைப்பிட்டு வழங்கலாம். ஆனால் அதனைச் செய்ய முதலில் தோல்வி அறிவிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அறிவிக்கப்படாத தோல்வியை எவராலும் கையாள இயலாது.

6. வழுவும் வழுவமைதியும்

தமிழ் கற்றோர்க்கு இவ்விடத்தில் ஓர் இலக்கண மரபு நினைவுக்கு வரும். நம் இலக்கணகாரர் சொல்லாட்சியை வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாக வகுத்து நோக்கினர். இலக்கண நெறியின் வழுவாது வருவது வழாநிலை. நெறி தவறி வருவது வழு. நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என அதனை எழுவகைப்படுத்தினார். நெறி தவறியும் ஒரு காரணம்பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. உவப்பினால் ஒரு பசுவை "என் அம்மை வந்தாள்" என்பது திணை வழுவாயினும் அமைக்கப்படும்.

அமைதி என்பது கண்டுங் காணாமல் விடுதலன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. முதலில் அது வழுவென அறியப்படுகிறது. பின் எவ்வகை வழு என வகுக்கப்படுகிறது. பின் யாது காரணத்தால் அமைகிறது எனக் கூறப்படுகிறது. இம்மூன்றும் நிகழாவிடின் அது வழுவாகவே நிற்கும். விலக்கைக் கையாளும் நல்ல நிரலின் இலக்கணமும் இதுவே. "ஓட்டோடை"யிலேயே இதற்கோர் உதாரணம் உண்டு. கோப்பொன்றைக் காத்திராது பூட்ட முயன்று, வேறொருவர் முன்னரே பூட்டியிருத்தலால் இயலாது போகுமாயின், அதனை அக்கருவி தோல்வியாகக் கொள்வதில்லை. காத்திராதே எனக் கேட்டவர் அவ்விடையை எதிர்பார்த்தே கேட்டார் என்பது காரணம். வகையறிந்து, காரணங்காட்டி, அந்த ஒன்றை மட்டும் அமைத்தலின் இது முறையான வழுவமைதியாகும்.

இதற்கு மாறாக, எல்லா விலக்குகளையும் ஏற்று எதுவும் செய்யாது விடும் வெற்றுத் தொகுதிகளை நாம் பல நிரல்களிற் காண்கிறோம். எரிச்சலூட்டும் அறிவிப்பை நிறுத்துவதற்காக எழுதப்பட்டவை அவை. அமைதி என்னும் பெயரில் மௌனத்தை மீண்டும் கொணர்பவை. தானியங்கிக் காவலை நிறுவியபின் இவ்வாறு எழுதுதல், அபாயச் சங்கின் வாயிற் பஞ்சை அடைத்தல் போன்றது.

7. பொறுப்பு எங்கே தங்குகிறது?

பிரித்தானியாவில் 1999 ஆம் ஆண்டுக்கும் 2015 ஆம் ஆண்டுக்கும் இடையில் 900 க்கு மேற்பட்ட துணைத் தபாலதிபர்கள் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். ஹொறைசன் என்னும் கணக்கீட்டுத் தொகுதி அவர்களது கிளைகளிற் பணம் குறைகிறது எனக் காட்டியமையே அடிப்படை. அத்தொகுதியின் வழுக்கள் கணக்கில் வேறுபாடுகளை உண்டாக்க இயலும், உண்டாக்கியும் உள்ளன என 2019 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் கண்டது. 2024 இல் பாராளுமன்றம் சட்டமியற்றித் தண்டனைகளை இரத்துச் செய்தது. இடைப்பட்ட காலத்தில் சிலர் சிறையிருந்தனர்; பலர் வீடிழந்தனர்; சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

தொகுதி தன் தோல்வியை வெளிப்படக் கூறாதபொழுது, அத்தோல்வி மறைந்துவிடுவதில்லை; வலிமை குறைந்த ஒருவரின் தலையில் இறங்குகிறது என்பதையே இது காட்டுகின்றது. எந்திரம் "தெரியாது" எனக் கூறியிருப்பின் நிறுவனம் விசாரித்திருக்க வேண்டும். எந்திரம் உறுதியாக ஓர் எண்ணைக் கூறியமையால் தொழிலாளி விசாரிக்கப்பட்டார். மௌனமான வழு யாவர்க்கும் சமமாகத் தீங்கு விளைப்பதில்லை.

நம் நாட்டிலும் நிவாரணப் பட்டியல், ஓய்வூதியம், பரீட்சைப் பெறுபேறு, வாக்காளர் இடாப்பு என மக்கள் வாழ்வைத் தொடும் பதிவுகள் நிரல்களின் வழியே செல்கின்றன. ஒருவர் பெயர் பட்டியலில் இல்லையெனின், அவர் தகுதியற்றவரா, அன்றி அவர் பெயரிருந்த கோப்புத் திறக்கப்படவில்லையா? அலுவலகச் சாளரத்தின் முன் நிற்பவருக்கு இரண்டும் ஒரே விடையாகவே கிடைக்கும். அவ்விரண்டையும் வேறுபடுத்திக் கூறுமாறு நிரலை எழுதுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பலவேளைகளில் ஒரு வரி போதும். அவ்வரி எழுதப்பட்டுள்ளதா எனக் கேட்கும் உரிமை, அப்பட்டியலைச் சார்ந்து வாழும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

2025 பெப்ரவரியில் நுரைச்சோலை நின்றபொழுது நாடு முழுவதும் அதனை அறிந்தது. ஏன் நின்றது என வினவியது. அமைச்சரும் பொறியியலாளரும் விடைகூற நேர்ந்தது. நிறுத்தத்தால் விளைந்த இன்னல் பெரிதாயினும், அது எல்லோருக்கும் தெரிந்த இன்னலாயிற்று. எவரும் அறியாது ஒரு வெறும் பட்டியல் "எவருமில்லை" எனக் கூறும் மாலைப்பொழுதில், கரையில் நின்று கடலைப் பார்த்திருக்கும் குடும்பத்துக்கு வினவ வாயில் ஒன்றும் இருப்பதில்லை. அவ்வாயிலைத் திறந்து வைப்பதே, தோல்வியுறும் அழைப்புகளைத் தானாக அறிவிக்கும் முறையின் முதற் பயனெனக் கொள்வோம்.